மகுடத்தில் அமர்ந்தவர்

அத்தியாயம் ஆறு

சென்னை மியூசியத்திலிருந்து வந்திருந்த கடிதத்தைக் காளியண்ணன் நான்காம் முறையாகப் படித்தார். நான்கு முறையும் அது கையைத்தான் விரித்தது.

“திரும்பத் திரும்பப் படிச்சா எழுத்து மாறிடுமா அண்ணே?” என்றான் சுப்பையன்.

நாமக்கல் கோர்ட்டுக்கு எதிரே காபிக் கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். 1936-ஆம் வருஷம், ஆனி மாதம், சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை வழக்கு. கையில் இருந்தது இரண்டு நாள். கையில் இல்லாதது சாட்சி.

காளியண்ணன் சேலத்தில் ஹெட் கான்ஸ்டேபிளாக இருந்தவர். மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வேலையை உதறிவிட்டு, ஆறு வருஷமாகச் சொந்தமாகத் துப்பறிகிறார். சுப்பையன் நாடகக் கம்பெனி பபூன். கம்பெனி சேலத்தில் கலைந்தபோது வேஷப் பெட்டியை விற்றுவிட்டான். வாயை வாங்க ஆள் கிடைக்காததால் அதோடு காளியண்ணனிடம் வந்து சேர்ந்தான்.

வழக்கு இதுதான். சேந்தமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மாதையன் என்ற குடியானவன் கிணறு வெட்டினான். பன்னிரண்டடி ஆழத்தில் ஒரு பஞ்சலோக விக்கிரகம் கிடைத்தது. முழ உயரம், நின்ற கோலம், நான்கு கை. கடப்பாரை பட்டுப் பின்னிரண்டு கைகளும் மணிக்கட்டோடு சிதைந்துபோயின. புதையல் கிடைத்தால் தாலுகா கச்சேரிக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் அவனுக்குத் தெரியாது. வேப்ப மரத்தடியில் வைத்துக் கும்பிட்டான். பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பகுதி நிலங்களுக்கெல்லாம் உடையவரான மிட்டாதார் ராக்கியண்ணனின் ஆள் வந்து பார்த்தான். எட்டு வருஷத்துக்கு முன் மிட்டாதாரின் குலக்கோயிலில் களவுபோன சந்திரசேகரர் இதுதான் என்று சொல்லிவிட்டான். சந்திரசேகரர் என்றால் தலையில் பிறை சூடிய சிவன். விக்கிரகத்தின் மகுடத்தில் பிறை இருந்தது. விக்கிரகம் கோர்ட்டுக்குப் போனது, மாதையன் சப்-ஜெயிலுக்குப் போனான்.

மாதையனின் மனைவி ஆராயி சேலத்துக்கு நடந்தே வந்து காளியண்ணனின் வாசலில் நின்றாள். “அவரு திருடலீங்க சாமி. அது மட்டும் நெசமுங்க” என்றாள். அந்தக் குரலை நம்பித்தான் காளியண்ணன் வழக்கை எடுத்தார்.

ஐந்து நாள் அலைந்ததில் கிடைத்தது ஒரே ஒரு நூல். கிணற்று மண் சுமந்த நல்லம்மாள் என்ற கூலிக்காரி சொன்னது: “எடுத்தப்போ நிலாவெல்லாம் இல்லீங்க. தலையில ஒரு சின்னச் சாமி கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க.” ஆராயியிடம் கேட்டால், “அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க” என்றாள். மாதையனிடம் கேட்டால், “எனக்குத் தெரியாதுங்க சாமி.” எதைக் கேட்டாலும் அதே பதில். பிறை எப்போது வந்தது? தெரியாதுங்க. யார் வைத்தது? தெரியாதுங்க. தன் கழுத்துக்கு வந்த கத்தியைப் பற்றி இவ்வளவு அக்கறையில்லாத மனிதனைக் காளியண்ணன் பார்த்ததில்லை.

நல்லம்மாள் சொன்னதை நம்பித்தான் மியூசியத்துக்கு எழுதினார். இங்கிலீஷில் வந்த பதிலைச் சுப்பையனுக்குத் தமிழில் சொன்னார்:

“தலையில் உட்கார்ந்த நிலையில் ஒரு புத்தர் இருந்தால், அது சிவன் இல்லையாம். அவலோகிதர் என்று பௌத்தர்கள் கும்பிட்ட சாமியாம். தன் குருவான புத்தரைத் தலைமேல் சுமப்பவர். முன் வலக்கை ‘பயப்படாதே’ என்கிறது, இடக்கை ‘வாங்கிக்கொள்’ என்கிறது. உலகத்தில் அழுகிற குரல் அடங்கும்வரை மோட்சத்துக்குப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டவராம். அதனால்தான் அவருக்குச் சந்நியாசிக் கோலம் கிடையாது. ராஜா மாதிரி நகையும் சடைமகுடமும் நாலு கையுமாகப் பார்க்கச் சிவன் மாதிரியே இருப்பாராம்.”

“ஆகா, ஜெயிச்சோம்!”

“கடைசி வரியைக் கேள். பின்கைகளில் ஜபமாலையும் கமண்டலமும் இருந்திருக்கும், அவை உடைந்துவிட்டன. மகுடத்துப் புத்தரும் இல்லை. இந்த நிலையில் எதையும் உறுதியாக எழுதித் தர இயலாது.”

சுப்பையன் காபியை ஆற்றினான். “கை இல்லாதவருக்குச் சாட்சி சொல்லப் போய் நம்ம கையும் போயிடுச்சு.”

*

கோர்ட்டுப் பொருள்களுக்குப் பொறுப்பான நாஜர் கெஞ்சலுக்குப் பிறகு பொருளறையைத் திறந்துவிட்டார். “பாக்கலாம். தொடக்கூடாது. பத்து நிமிஷம்.”

புளி போட்டுத் தேய்த்ததில் விக்கிரகம் பளபளத்தது. காளியண்ணன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். சுப்பையன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“அண்ணே, எங்க கம்பெனியில சிவன் வேஷம் கட்டினா டிரஸ் வாத்தியார் ரெண்டு காதுக்கும் ஒரே மாதிரி மாட்ட விடமாட்டார். பாதி உடம்பு பார்வதியாச்சே! வலது காதுக்குக் குழை, இடது காதுக்குத் தோடு. மாத்தி மாட்டி உதை வாங்கியிருக்கேன். இங்க பாருங்க, ரெண்டு காதுலயும் ஒரே குண்டலம்.”

காளியண்ணன் பார்த்தார். உண்மைதான்.

“நெத்திக்கண் எங்கே? பாம்பு எங்கே? பிறையைத்தான் பாருங்களேன். சிவனுக்குப் பிறை சடையில ஒரு பக்கமா செருகியிருக்கும். இதை நடு மண்டையில, பொட்டு மாதிரி ஒட்டியிருக்கு. சிவன் வேஷம்தான், ஆனா பாதி மேக்கப்புல யாரோ மேடைக்குத் தள்ளிவிட்டுட்டாங்க.”

ஐந்து நாளில் முதல் தடவையாகக் காளியண்ணனுக்கு ரத்தம் சூடேறியது. அந்தச் சூட்டோடு மாதையனின் வக்கீலிடம் போனார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“காது சரி. கண் சரி. மாஜிஸ்திரேட் ஒண்ணு கேப்பார். பிறை இருக்குதா இல்லீங்களா?”

“இருக்கிறது. ஆனால்…”

“மிட்டாதார் கோயில் சொத்து ஜாபிதாவில் சந்திரசேகரர்னு எழுதியிருக்குது. பிறை இருக்குது. முடிஞ்சுதுங்க. பிறையை வெச்சவனைக் கொண்டாங்க, பேசலாம்.”

காளியண்ணன் வந்த வேகத்திலேயே திரும்பினார். நாஜர் இம்முறை கெஞ்சலுக்கும் மசியவில்லை. சுப்பையன் அவருக்கு இரண்டு நாடகப் பாட்டுப் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷம் கிடைத்தது.

பிறையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கசிவு. ஈயம். சிலை வார்க்கும் ஸ்தபதி இப்படி ஒட்டமாட்டார். ஓட்டைப் பாத்திரத்துக்குப் பற்று வைக்கிறவன் வேலை. பிறைக்கும் மகுடத்துக்கும் நடுவே நெல் நுழையும் அளவு சந்து இருந்தது. சுப்பையன் தன் சட்டைப் பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை சந்துக்கு மேலே சாய்த்துப் பிடித்தான். கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஓர் எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுவார்களே, அந்த மாதிரி.

“ரா” என்றான் சுப்பையன்.

“ராக்கியண்ணன்!” என்றார் காளியண்ணன். “மிட்டாதார் வீட்டுப் பாத்திரம். விக்கிரகத்தின்மேல் ஆசைப்பட்டு, ஆளை விட்டுப் பிறையை ஒட்டவைத்து, பிறகு தன்னுடையது என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு துணிச்சல்!”

“ரா-வில ஆரம்பிக்கிற பேரு ஊருக்கு நூறு இருக்கும் அண்ணே.”

“வாயை மூடு.”

*

அன்று பகல் முழுக்க நாமக்கல்லில் பாத்திரம் பற்றவைக்கிறவர்களைத் தேடினார்கள். முதலாமவன், தனக்கு ஈயம் பூச மட்டும்தான் தெரியும் என்றான். இரண்டாமவன், போலீஸ் வாடை அடித்ததுமே துருத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான். மூன்றாமவன் வெகு நேரம் யோசித்து, “பிறையா? போன மாசம் ஒண்ணு வெச்சேனுங்க” என்று சொல்லிக் காளியண்ணனின் நெஞ்சைத் துடிக்க வைத்தான். அது பள்ளிவாசல் கொடிக்கம்பத்துப் பிறை.

ஞாயிற்றுக்கிழமை காலை சேந்தமங்கலம் பஸ் வரவே இல்லை. வந்த மாட்டு வண்டிக்காரன் பாதி வழியில் சக்கரத்துக்குக் கடையாணி தேடினான். கொல்லிமலை வலப்பக்கம் நகராமல் நின்றுகொண்டே இருந்தது. காளியண்ணன் வண்டியைவிட்டு இறங்கி நடந்தார்.

“அண்ணே, நடந்தா கோபம் குறையும்பாங்க.”

“எனக்கு ஏறுகிறது.”

சேந்தமங்கலத்தில் பாத்திரம் பற்றவைப்பவன் ஒருவன்தான். பெயர் மாரியப்பன். அவன் வாழப்பாடி சந்தைக்குப் போயிருந்தான், நாளைக் காலைதான் வருவான் என்றாள் அவன் மனைவி முத்தாயம்மாள். காளியண்ணன் கடை வாசலிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சுப்பையன்தான் பேச்சுக் கொடுத்தான். “தண்ணி கிடைக்குமாம்மா? இவரு சாமி தலையில நிலாவைத் தேடித் தேடிக் காஞ்சு போயிட்டாரு.”

செம்பை எடுக்கப் போன முத்தாயம்மாள் நின்றாள். “நிலாவுங்களா?” என்றாள். “ஏனுங்க, போலீசுங்களா? ஊட்டுக்காரரு மேல தப்பு இல்லீங்க. வெக்கச் சொன்னாங்க, வெச்சாருங்க.”

காளியண்ணன் தலையை நிமிர்த்தினார். “நான் போலீஸ் இல்லையம்மா. அந்தச் சின்னச் சாமி எங்கே?”

அவள் உள்ளே போய் ஒரு மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். மஞ்சள் தூளுக்கு நடுவே, சுண்டுவிரல் நுனியளவு ஓர் உருவம். சம்மணமிட்ட கால்கள், மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கைகள், தாழ்ந்த கண்கள். உச்சியில் ஒரு சிறு சுடர். காது நீண்டு தொங்கியது, அதில் நகை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போன ராஜகுமாரனின் காது.

“உருக்கிப் போடறேன்னாருங்க. எனக்கு மனசு வரலீங்க. தூங்கற புள்ளையாட்டம் இருந்துச்சு” என்றாள் முத்தாயம்மாள்.



“விக்கிரகத்தைக் கொண்டுவந்தது மிட்டாதார் வீட்டு ஆள்தானே?” என்றார் காளியண்ணன்.

“இல்லீங்களே. ஒரு பொம்பளைங்க. கூடையில ஆமணக்கு எலை போட்டு மூடிக் கொண்டாந்தா. நிலாவுக்குத் தகடு இல்லேன்னாரு எங்க ஊட்டுக்காரரு. அவ கையில இருந்த சொம்பையே நீட்டினா. பொறந்த ஊட்டுச் சீருன்னு சொல்லி அழுதா பாவம். மிச்சம் அதோ கெடக்குதுங்க.”

மூலையில் கிடந்த பித்தளைச் செம்பைச் சுப்பையன் எடுத்துத் திருப்பினான். வயிற்றில் பிறை வடிவத்தில் ஒரு துளை. துளைக்கு இடப்பக்கம் புள்ளி புள்ளியாக ‘ஆ’. வலப்பக்கம் ‘யி’. நடுவில் இருந்த எழுத்துத்தான் கோர்ட்டில், சாமியின் தலையில் இருக்கிறது.

காளியண்ணன் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆறு நாளாக எவள் கண்ணீருக்காக வெயிலில் அலைந்தாரோ, அவள் பெயரே அது.

*

ஆராயி கிணற்றுமேட்டில் மண்ணை இறைத்துக்கொண்டிருந்தாள். செம்பைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்தாள்.

“என்னிடம் ஏன் மறைத்தாய்?” காளியண்ணனின் குரல் தானாகவே உயர்ந்தது. “உன் புருஷனைக் கட்டிப்போட்ட கயிறே அந்தப் பிறைதான். அதைக் கட்டியவள் நீ. நான் ஊரெல்லாம் முட்டாளாகத் திரிந்தேன்!”

அவள் கை மண்ணைத் தட்டினாள். பிறகு, நின்றபடியே சொன்னாள்.

“பூசாரி வந்து பாத்தாருங்க. தலைமேல பொணம் கண்ண மூடி உக்காந்திருக்குது, இது ஊருக்கு ஆகாத சாமி, எடுத்த கெணத்துலயே போட்டு மண்ணத் தள்ளுங்கன்னாரு. கெணத்த மூடுனா நாங்க எங்கீங்க போறது? ரெண்டு வருசமாத் தோண்டறோம். மூணு புள்ளைங்களுக்கும் இதுதானுங்க வழி. அவரு அசலூருக்குப் போயிருந்த நேரமாப் பாத்து நான்தான் கொண்டுபோனேன். நிலா வெச்சா எல்லாரும் சிவன்னு கும்புட்டுட்டுப் போவாங்கன்னு பாத்தேன். கும்புட்டாங்க. தேங்கா ஒடச்சாங்க. அப்பறந்தான் மிட்டாதார் ஆளு வந்தாரு.”

“மாதையனுக்குத் தெரியுமா?”

“திரும்பி வந்து பாத்துட்டு, ‘அந்தச் சின்னது எங்கே புள்ள’ன்னு மட்டும் கேட்டாரு. வையலீங்க. போலீசு கூட்டிக்கிட்டுப் போறப்போ, ‘நீ வாயத் தொறந்தீன்னா புள்ளைங்களுக்கு ஆரு இருக்கறா’ன்னு சொல்லிட்டுப் போனாரு.”

காளியண்ணன் செம்பைத் தரையில் வைத்தார். மிட்டாதாரின்மேல் அவர் கட்டியிருந்த கோட்டை முழுக்கச் சரிந்துவிட்டது. அந்த மனிதர் பிறையைப் பார்த்தார், தன் சாமி என்று நம்பினார், அவ்வளவுதான். இந்த வழக்கில் பிடித்து உலுக்க ஒரு வில்லன்கூட இல்லை. பயந்துபோன ஒரு பெண்பிள்ளை, வாய் திறக்காத ஒரு புருஷன், தூங்குகிற பிள்ளை போல ஒரு புத்தர்.

“நாளைக்குக் கோர்ட்டில் இதை நீ சொல்ல வேண்டும், ஊர் முழுக்கக் கேட்க. சொன்னால் மாதையன் வெளியே வருவான். உன்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது” என்றார்.

“சாமி தலையில கை வெச்சவன்னு ஊருல தண்ணி குடுக்க மாட்டாங்க” என்றாள் ஆராயி. பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தாள். “எங்க கெணத்துல வராமயா போயிரும்? வாரேனுங்க.”

*

திங்கட்கிழமை கோர்ட்டில் இடமில்லை. பூசாரி உட்பட ஊரே வந்திருந்தது. ஆராயி கூண்டில் ஏறி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் மாதையன் கண்ணை மூடிக்கொண்டான்.

சந்தையிலிருந்து திரும்பியிருந்த மாரியப்பனை மாஜிஸ்திரேட் அழைத்தார். அவன் கைச்சட்டி நெருப்பில் இரும்பைக் காய்ச்சி, ஈயத்தை இளக்கிப் பிறையைக் கழற்றினான். அடியில் அறுபட்ட காம்பு ஒன்று தெரிந்தது. முத்தாயம்மாளின் மஞ்சள் டப்பாவிலிருந்து எடுத்த உருவத்தை மாஜிஸ்திரேட்டே தம் விரலால் அங்கே வைத்தார். உருவத்தின் அடியும் காம்பின் முனையும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. சந்திரசேகரர் மறைந்துபோனார். ராஜகோலத்தில் நின்றவர் தம் குருவைத் தலையில் தாங்கிக்கொண்டு, பயப்படாதே என்று வலக்கையைக் காட்டினார்.

“கீழே ராஜபார்ட், மேலே பண்டாரம்” என்று சுப்பையன் முணுமுணுத்தான். “ரெண்டும் சேர்ந்தாத்தான் வேஷம் முழுசு.”

களவு வழக்கு தள்ளுபடியானது. புதையலைத் தெரிவிக்காததற்கு மாஜிஸ்திரேட் மாதையன், ஆராயி இருவரையும் கண்டித்து அனுப்பினார். விக்கிரகம் சென்னை மியூசியத்துக்கு என்று உத்தரவாயிற்று. மிட்டாதார் ராக்கியண்ணன் எழுந்து, யாரிடம் என்றில்லாமல், “அப்படீன்னா எங்க சாமி எங்கே போச்சு?” என்று கேட்டார். கேட்ட குரலில் பொய் இல்லை.

வெளியே வராந்தாவில் ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆராயி வந்ததும் பேச்சு நின்றது. பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லம்மாள் மட்டும் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். ஆராயி போய் அதில் உட்கார்ந்தாள்.

மாதையன் காளியண்ணனைத் தேடிவந்து கும்பிட்டான். காளியண்ணனுக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கியது.

“ஏனய்யா, ஏழு நாள்! எத்தனை கேள்வி கேட்டேன்! ஒன்றுக்காவது வாயைத் திறந்தாயா?”

மாதையன் தலையைச் சொறிந்தான். “நீங்க சாமியோட கையக் கேட்டீங்க. தலையக் கேட்டீங்க. நிலாவக் கேட்டீங்க. அவளப் பத்தி ஒரு வார்த்தையும் கேக்கலீங்களே.”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?”

மாதையன் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆராயியைப் பார்த்தான். நிதானமாக யோசித்தான்.

“சொல்லியிருக்க மாட்டேனுங்க சாமி” என்றான்.